சுண்டை வேரில் கத்தரி: ஒட்டு நாற்று ஒன்பது ரூபாய் பெறுமா?

சாதாரணக் குழித்தட்டு நாற்று ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒட்டு நாற்று 9 ரூபாய். ஒட்டன்சத்திரம் பக்கம் கத்தரி போடுகிற யாரிடம் இந்த விலையைச் சொன்னாலும், அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஒரு பருவம் முழுக்க நட்டு, காய் பறித்து, கவாத்து செய்து, மீண்டும் தழைத்துக் காய்க்கிற மறுதாம்பும் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன். நாற்றங்காலின் பெயர் வேண்டாம். குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அது பல நாற்றங்கால்களுக்கும் பொருந்தும்.

மேலே கத்தரி, கீழே சுண்டை. வற்றல் போடுகிற அதே சுண்டைக்காய்ச் செடிதான். இரண்டையும் தனித்தனியாக முளைக்க வைத்து, தண்டு பென்சில் முனை அளவு வந்ததும் சுண்டையின் தலையை வெட்டி, பிளந்து, கத்தரிக் குருத்தைச் சீவிச் செருகி, கிளிப் போடுகிறார்கள். பிறகு ஒரு வாரம் போல ஈரமும் நிழலும் உள்ள கூடாரத்தில் வைத்தால் இரண்டும் கூடிவிடும். ஒட்டுக் கட்டுகிற பெண் சொன்னார்: "ரெண்டு தண்டும் ஒரே பருமனா இருக்கணும் அக்கா, இல்லன்னா கூடாது." அது அத்தனை சுலபமும் இல்லை. சுண்டை விதை உறக்கம் உள்ள விதை, ஒன்றாக முளைக்காது. அதனால் கத்தரிக்கு வெகு முன்பே சுண்டையை விதைத்துவிட வேண்டும். விலையில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புக்கும் கை வேலைக்கும்தான் போகிறது. அதைப் பார்த்த பிறகு 9 ரூபாய் எனக்கு அநியாயமாகத் தெரியவில்லை.

எங்கள் கீழ்க்காட்டில் வாடல் நோய் உண்டு. இலை பச்சையாகவே இருக்கும், உச்சி வெயிலில் துவளும், சாயங்காலம் எழுந்து நிற்கும், சில நாளில் மொத்தமாகச் சாய்ந்துவிடும். சந்தேகம் இருந்தால் அடித்தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் போல நூலாக இறங்கினால் அது ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்ற பாக்டீரியா. வேரில் உள்ள காயம் வழியாக நுழைந்து, நீர் ஏறும் குழாய்களில் பெருகி அடைத்துவிடும். மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஒருமுறை வந்துவிட்டால் மருந்து அடித்துத் தீர்க்கிற நோய் அல்ல. மண்ணில் இருக்கும் நுண்ணிய நூற்புழு வேரில் முடிச்சுப் போட்டிருந்தால் அந்தக் காயங்களே அதற்கு வாசல்.

இந்த இரண்டையும் சுண்டை வேர் தாங்குகிறது. ஏன் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கத்தரியின் காட்டு மூதாதை சொலானம் இன்சானம், நம் நாட்டிலேயே தரிசுகளில் முள்ளோடு நிற்கிற சிறுகாய்ச் செடி. அதிலிருந்து பெரிய காய், குறைந்த கசப்பு, குறைந்த முள் என்று தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் பொறுக்கி எடுத்தார்கள். ஒவ்வொரு பொறுக்கலிலும் சில செடிகளின் விதை மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும். காய்க்காகத் தேர்ந்தெடுத்தபோது வேரை யாரும் பார்க்கவில்லை, அதனால் நோய் தாங்கும் மரபணுக்கள் பலவும் வழியில் உதிர்ந்தன. சுண்டை அந்த வடிகட்டலுக்குள் போகவே இல்லை. மத்திய அமெரிக்காவும் கரீபியன் பகுதியும் அதன் தாயகம். அங்கிருந்து வெப்பமண்டலம் முழுக்கப் பரவியது. பழத்தைப் பறவை தின்று விதையைப் போடும், வேரிலிருந்தும் பக்கக் கன்று கிளம்பும், முள் இருப்பதால் மாடு தொடாது. பல நாடுகளில் இது ஊடுருவும் களை, அமெரிக்க ஒன்றிய அரசின் கேடுதரும் களைகள் பட்டியலிலும் இருக்கிறது. அங்கே களை என்று பிடுங்கப்படுகிற அதே பிடிவாதமான வேரைத்தான் நாம் இங்கே காசு கொடுத்து வாங்குகிறோம்.

அப்படியானால் கத்தரியோடு சுண்டையை மகரந்தம் சேர்த்து ஒரு புது ரகமே உருவாக்கிவிடலாமே என்று கேட்பார்கள். இரண்டுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை 24தான், ஆனால் உறவு தூரம். அரிதாகக் கலப்பு அமைந்தாலும் பெரும்பாலும் மலடாகப் போகிறது. இன்சானமோ கத்தரியோடு எளிதாகக் கலந்துவிடும். ஸ்பெயினில் வலென்சியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் சொலானம் எலியாக்னிஃபோலியம் என்ற இன்னொரு களையைக் கத்தரியோடு கலந்து, மீண்டும் மீண்டும் கத்தரியோடே சேர்த்து, வறட்சி தாங்கும் குணத்தை இழுக்கப் பார்க்கிறார்கள். வெள்ளி பூத்த இலையும் ஊதாப் பூவும் உள்ள அது கோவைப் பக்கம் தரிசுகளிலும் பரவியிருக்கிறது. அந்த வேலை முடிய நாளாகும். ஒட்டுக் கட்டுவது இன்றைக்கே முடிகிற வழி.

காய் கசக்குமா என்று வீட்டிலும் மண்டியிலும் கேட்டார்கள். கசக்கவில்லை. ஒட்டில் மரபணு கலப்பதில்லை, காயும் அதன் விதையும் மேலே உள்ள ரகத்தினுடையவை. ஆனால் எந்த வேரில் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊமத்தை வேரில் ஒட்டினால் அந்த வேரில் உண்டாகும் நஞ்சு காய் வரை ஏறிவிடும்.

சரி, காட்டில் எப்படி இருந்தது? கீழ்க்காட்டில் நடுவில் சில வரிசை சாதாரண நாற்றும் வைத்தேன். அந்த வரிசைகளில் வாடல் வழக்கம்போல விழுந்தது, ஒட்டுச் செடிகள் நின்றன. காய்ப்பு கொஞ்சம் பிந்தித் தொடங்கியது, ஆனால் நீண்டது. கவாத்துக்குப் பிறகு தழைத்து வந்த வேகம் சாதாரணக் கத்தரியில் நான் பார்த்ததில்லை. செடி அகலமாகப் படர்வதால் இடைவெளி கூட விட வேண்டும், அதனால் நாற்றும் குறைவாகவே பிடிக்கும். விலைக் கணக்குப் போடும்போது இதைச் சேர்த்துப் போடுங்கள்.

காய்ப்புழுவுக்கு இதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. வேர் எதுவானாலும், தண்டையும் காயையும் துளைக்கிற அந்தப் புழு தாக்குகிற மேல்பகுதி கத்தரிதான். இனக்கவர்ச்சிப் பொறி, வாடிய குருத்தைக் கிள்ளி அழிப்பது எல்லாம் பழையபடி செய்தாக வேண்டும். தத்துப்பூச்சி கொண்டுவரும் சிற்றிலை நோயும் அப்படியே.

இனி நாற்றங்காலின் மேல் உள்ள குறை. சில தட்டுகளில் ஒட்டு மிகத் தாழ்வாக இருந்தது. ஒட்டு மண்ணுக்குள் போனால் கத்தரி அங்கே தன் சொந்த வேரை இறக்கிவிடும், அப்புறம் சுண்டைக்குக் கொடுத்த காசு வீண். ஒட்டுக்குக் கீழே சுண்டை துளிர்க்கும், அதைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. துளிரை விட்டுவிட்டால் சுண்டை மேலேறிக் கத்தரியை அமுக்கிவிடும். கத்தரிக்கு ஊதாப் பூ, சுண்டைக்கு வெள்ளைப் பூ. செடியில் வெள்ளைப் பூ கண்டால் அடியில் பாருங்கள்.

எனக்குப் பெரிய குறை வேறு. தட்டின் மேல் கத்தரி ரகத்தின் பெயர் இருக்கிறது, சுண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விதை எங்கே எடுத்தது என்று கேட்டேன், "வேலியில இருந்துதான்" என்றார்கள். சுண்டை தன் மகரந்தத்திலேயே காய்க்கக்கூடியது. ஒரு பறவை போட்ட ஒரு விதையிலிருந்தே ஒரு வேலி முழுக்க உண்டாகியிருக்கலாம், அப்படியானால் அத்தனையும் நெருங்கிய சொந்தம். ரால்ஸ்டோனியாவோ ஒரே வகை அல்ல, அதில் பல உள்வகைகள் உண்டு. ஒரு வேலிச் சுண்டை தாங்குவதை இன்னொன்று தாங்காமல் போகலாம். ஜப்பானில் சுண்டையைத் தேர்ந்தெடுத்து 'டோர்வம் விகர்' என்ற பெயரிலேயே வேர்ச்செடி விதையாக விற்கிறார்கள். நம் ஊரில் வேலிக்கு வேலி சுண்டை இருக்கிறது, வாடல் விழுந்த மண்ணும் இருக்கிறது. பத்து ஊர் விதையை அந்த மண்ணில் வைத்துச் சோதித்து, தாங்குவதை மட்டும் தாய்ச்செடியாக வைத்துக்கொள்வது ஒரு நல்ல நாற்றங்காலுக்கு முடியாத வேலை அல்ல. 9 ரூபாய் வாங்குகிறவர்கள் இதைச் செய்யத்தான் வேண்டும்.

வாடலோ நூற்புழுவோ உள்ள நிலத்துக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். நோய் இல்லாத புது நிலத்துக்கு, ஒரே பருவம் எடுத்துவிட்டு வேறு பயிர் போடுகிறவர்களுக்கு, சாதாரண நாற்றே போதும். எங்கள் மேல்காட்டுக்கு நானும் அதைத்தான் வாங்குகிறேன். கீழ்க்காட்டுக்கு எங்கள் வீட்டு நாட்டுக் கத்தரி விதையைக் கொடுத்து, அதையே சுண்டையில் ஒட்டித் தரச் சொல்லி முன்பணம் கட்டியிருக்கிறேன். ஒட்டு உயரமாக இருக்க வேண்டும், சுண்டை விதை எந்த ஊரில் எடுத்தது என்று தட்டில் எழுதித் தர வேண்டும் என்பதையும் ரசீதிலேயே குறித்து வாங்கிக்கொண்டேன்.