வன்னி வளவில் மல்லிகை: பல கோடை, பல மாரிக்குப் பிறகு

கிளிநொச்சிப் பக்கம் மல்லிகை சரிவருமா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சரிவரும். ஆனால் பங்குனி பிறக்கும்போதே பூ வேண்டுமென்றால் தையில் செடியை வெட்ட மனம் வேண்டும். மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டுக் கட்டும். பொங்கல் முடிந்து மழை ஓய்ந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மிஞ்சிய இலைகளையும் உருவிவிடுவேன். "ஏன் பிள்ளை இப்பிடி மொட்டையடிக்கிறாய்?" என்று அம்மா ஒவ்வொரு வருடமும் கேட்பார். அயலில் வெட்டாமல் விட்ட செடிகள் சித்திரை கடந்துதான் நிறையப் பூக்கின்றன. வைகாசியில், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் நேரம், எல்லார் வீட்டிலும் பூ இருக்கும். பங்குனிப் பூவுக்குத்தான் மதிப்பு.

பெரிய தலையிடி தண்ணீர். கேத்தலில் வெள்ளையாகப் படியும் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு, மண்ணிலுள்ள இரும்புச்சத்தைச் செடிக்கு எட்டாமல் செய்துவிடும். நரம்பு பச்சையாக இருக்க, இளம் இலை மஞ்சளாகும். பசளை போதவில்லை என்று யூரியா போட்டால் இது தீராது. இரும்புச்சத்துக் கரைசல் தெளித்தால் கொஞ்சநாள் பச்சை திரும்பும். மக்கிய மாட்டெருவும் சருகும் தொடர்ந்து போட்டுவந்தால்தான் நிலைக்கும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது ஆட்டெரு மட்டும்தான் போட்டேன், பூ குறையவில்லை.

ஆனி, ஆடியில் சோளகம் என்ற தென்மேல் காற்று வீசும்போது இலைக்கு அடியில் செம்பேன் வரும். காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீச்சி, தேவைப்பட்டால் வேப்பெண்ணெயும் அடித்தால் போதும். கடை மருந்து அடிக்கடி அடித்தால் பேனைத் தின்னும் பூச்சிகளும் செத்துப்போகும், அப்புறம் பேன் இரண்டு மடங்காகும்.

வெயில் எவ்வளவு இருந்தாலும் தாங்கும் இந்தச் செடி, வேரில் தண்ணீர் நின்றால் தாங்காது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த 2018 மார்கழி வெள்ளத்தில் பள்ளத்தில் நின்றவை வேரழுகிச் செத்தன, மேட்டுப் பாத்தியில் நின்றவை தப்பின.

அடுக்கு மல்லிகை பார்க்க அழகு, வாசமும் தூக்கல், ஆனால் பூ குறைவு. மாலை கட்டுபவர்கள் ஒற்றை அடுக்கு இதழுள்ள மல்லிகையே வைக்கலாம். ஆவணியில் கிணறு வற்றும் வீட்டுக்கு இரண்டையும் நான் சொல்லமாட்டேன்.

கன்றுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கார்த்திகை மழையில் அயல்வீட்டுச் செடியின் தாழ்ந்த கொப்பொன்றை மண்ணில் அமுக்கிப் பதியம் வையுங்கள். தை கடைசியில் வேரோடு பிரித்தெடுக்கலாம்.