73 வெற்றியா, ஒரு கோப்பையா?

2015-16 என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) சீசன். இரண்டு அணிகளில் எதனுடைய சீசன் உசத்தி? கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் தொடர்ந்து 24 ஆட்டம் வென்று தொடங்கி, 73-9 (73 வெற்றி, 9 தோல்வி) என்று முடித்தது. அதன் ஸ்டீபன் கரி மட்டும் 402 மூன்று புள்ளிக் கூடைகள்! கிளீவ்லாந்து கேவலியர்ஸோ 30-11 என்று நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே பயிற்சியாளரை மாற்றியது, முடிவில் 57-25.

இரண்டும் மோதிய, நான்கு ஆட்டம் வென்றால் கோப்பை என்ற இறுதித் தொடரில் வாரியர்ஸ் 3-1 முன்னிலை. ஐந்தாவது ஆட்டத்தில் அதன் வீரர் டிரேமண்ட் கிரீனுக்குத் தடை. அங்கேதான் பிடி நழுவியது. 3-3 ஆகி, ஏழாவது ஆட்டம் கடைசி நேரத்தில் 89-89. வாரியர்ஸின் இகுடாலா கூடையை நோக்கி விட்ட பந்தை, பின்னாலிருந்து பாய்ந்து வந்த கேவலியர்ஸின் லெப்ரான் பலகையோடு சேர்த்து அறைந்தார். அடுத்து, கரி எதிரே நிற்க, கேவலியர்ஸின் கைரி இர்விங் போட்ட மூன்று புள்ளி. முடிவில் 93-89, கோப்பை கேவலியர்ஸுக்கு.

ஆட்ட அழகுக்கு வாரியர்ஸ்தான். ஆனாலும் கேவலியர்ஸ் சீசனைத்தான் நான் உசத்தி என்பேன். 52 ஆண்டுகளாக ஒரு பெரிய கோப்பையும் பார்க்காத ஊர் அது.