லாஸ் காபோஸில் சாம்பல் திமிங்கலப் படகுக்கு முன்பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் சின்னப் படகில் போய், சாம்பல் திமிங்கலத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். அது உண்மைதான். ஆனால் அதே ஆசையைக் காட்டி, தீபகற்பத்தின் தென்முனையில் காபோ சான் லூகாஸ் ஊர் இருக்கும் லாஸ் காபோஸ் பகுதியில் வேறொன்றை விற்கிறார்கள். பிப்ரவரியில் ஆறு பேருக்கு எடுத்த ஒரு புக்கிங் எப்படி மாற்றப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஏஜென்சி பெயர் வேண்டாம். இது ஒரு கடையோடு நிற்கிற விஷயம் இல்லை. இதே மாதிரி வவுச்சர் யார் கொடுத்தாலும் உஷாராக இருக்க வேண்டும்.

பேசும்போது சொன்னது: மக்தலேனா விரிகுடாவின் புவெர்தோ லோபெஸ் மத்தேயோஸ் ஊருக்கு வேனில் அழைத்துப் போவார்கள், அங்கே சிறு படகு, மூன்று மணி நேரம் கடலில், சாம்பல் திமிங்கலம். பாதிப் பணம் வங்கிப் பரிமாற்றத்தில் முன்கூட்டியே, மீதி ஓட்டல் வாசலில் ரொக்கமாக. வவுச்சரில் எழுதியிருந்தது: "திமிங்கலம் பார்க்கும் பயணம், சிறு படகு, வானிலைக்கு உட்பட்டது." 'சாம்பல்' என்ற சொல் இல்லை. ஊர்ப் பெயர் இல்லை. நிமிடக் கணக்கும் இல்லை.

முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் வந்தது. மக்தலேனாவில் காற்று, துறைமுகம் மூடிவிட்டார்கள், அதனால் காபோ சான் லூகாஸிலிருந்தே கிளம்பலாம், "அதே திமிங்கலம்தான்" என்று. காலையில் காற்றடைத்த ரப்பர் படகில் இரண்டு மணி நேரம். தூரத்தில் திமிங்கலங்கள் துள்ளின. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் முதுகில் துடுப்பு, பக்கத்தில் நீளமான வெள்ளைத் துடுப்பு. அத்தனையும் கூன்முதுகுத் திமிங்கலங்கள்.

அன்று லோபெஸ் மத்தேயோஸ் படகுத்துறையில் விசாரித்தபோது காலை எட்டு மணியிலிருந்தே படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. துறைமுகம் மூடவே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில்: "திமிங்கலம் பார்த்தீர்களா இல்லையா?"

காபோவிலிருந்து லோபெஸ் மத்தேயோஸ் சுமார் 430 கி.மீ. போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். வேன் நிரம்பினால்தான் டீசல், ஓட்டுநர் கூலி, படகு வாடகை எல்லாம் போக ஏஜென்சி கையில் ஏதாவது மிஞ்சும். ஆறு பேரை வைத்துக்கொண்டு ஓட்டினால் நஷ்டம். அதனால்தான் வேன் நிரம்பாத நாளில் 'காற்று' வந்துவிடுகிறது. குளிர்காலத்தில் காபோ வாசலிலேயே கூன்முதுகுத் திமிங்கலம் கிடைப்பதால், ஆட்களை அங்கே திருப்பிவிடுவது அவர்களுக்குச் சுலபம். சாம்பல் திமிங்கலம் காபோ பக்கம் கண்ணில் பட்டாலும் அது கடந்து போகிற திமிங்கலம். படகை நாடி வராது.

அதனால் முதலில் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். சாம்பல் திமிங்கலத்துக்கு முதுகுத் துடுப்பே கிடையாது. அந்த இடத்தில் ஒரு சின்னத் திமில், அதற்குப் பின்னால் வால் வரைக்கும் விரல் முட்டிகளைப் போல எட்டிலிருந்து பதினான்கு வரை முடிச்சுகள். உடம்பெங்கும் சாம்பலும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். தலையிலும் முதுகிலும் கொட்டலசு (பார்னக்கிள் என்னும் ஓட்டுயிர்) கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். அதன் இடுக்குகளில் ஆரஞ்சு நிறத்தில் திமிங்கலப் பேன் ஊர்வதைக்கூடப் பக்கத்தில் வந்தால் பார்க்கலாம். மூச்சுவிடும்போது எழும் நீராவி, நேர் எதிரில் நின்று பார்த்தால் இதய வடிவில் பிரியும். இவை எதுவும் தெரியவில்லை என்றால், நீங்கள் பணம் கட்டிய விலங்கு அது இல்லை.

சரி, முறையாக ஏற்பாடு செய்வது எப்படி?

சாம்பல் திமிங்கலம் பேரிங் கடல், சுக்சி கடல் பக்கமிருந்து கிளம்பி, குட்டி போடவும் இணை சேரவும் பாஹாவின் மேற்குக் கரைக் காயல்களுக்கு வருகிறது. முக்கியமான இடங்கள் மூன்று. குவெரேரோ நேக்ரோ ஊருக்கு அருகே ஓஹோ தே லியெப்ரே, அதற்குத் தெற்கே சான் இக்னாசியோ, இன்னும் தெற்கே மக்தலேனா விரிகுடா. முதல் இரண்டும் எல் விஸ்காயினோ உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் இருக்கின்றன. 1993 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் உண்டு. நம்பிப் பணம் கட்டக்கூடிய பயணம் என்றால் இந்த மூன்று இடங்களில் ஏதோ ஒன்றின் கரையிலிருந்து கிளம்புவதாகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் தேர்வு சான் இக்னாசியோதான். பச்சிகோ என்று எல்லோரும் அழைத்த மீனவர் பிரான்சிஸ்கோ மயோரால், 1972இல் தன் படகை ஒட்டி வந்த திமிங்கலத்தைக் கை நீட்டித் தொட்டது இந்தக் காயலில்தான். 'பிசாசு மீன்' என்று மீனவர்கள் பயந்து ஒதுங்கிய விலங்கோடு உறவு அங்கிருந்துதான் ஆரம்பித்தது. இங்கே காயலின் உட்பகுதிக்குப் பருவத்தில் சுற்றுலாப் படகு போகக் கூடாது. தாயும் குட்டியும் தொந்தரவில்லாமல் இருக்க அது விடப்பட்டிருக்கிறது. முகத்துவாரப் பக்கம் மட்டும்தான் பார்வைப் பகுதி. அங்கும் ஒரே நேரத்தில் 16 படகுகளுக்கு மேல் அனுமதி இல்லை. கூட்டம் குறைவு என்பதால் படகை நோக்கி வர திமிங்கலத்துக்கும் இடம் இருக்கிறது. சிரமம் என்றால் போய்ச் சேருவதுதான். சான் இக்னாசியோ ஊரிலிருந்து காயல் கரைக்கு சுமார் 60 கி.மீ.; கடைசிப் பகுதி மண் சாலை, வண்டி உதறிக்கொண்டேதான் போகும். காபோவிலிருந்து சுமார் 800 கி.மீ. ஆகவே "காபோவிலிருந்து வேனில் ஒரே நாளில் சான் இக்னாசியோ போய் வரலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சிறு விமானம் இருந்தால் உண்டு. அதற்கு விலையே வேறு.

பாஹாவின் கிழக்குக் கரை ஊரான லோரெத்தோவில் தங்குகிறவர்களுக்கு லோபெஸ் மத்தேயோஸ் வசதி. இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். படகுத்துறையில் நேராகவே படகு எடுக்கலாம், இடைத்தரகர் தேவையே இல்லை. வடக்கிலிருந்து காரில் வருகிறவர்களுக்கு ஓஹோ தே லியெப்ரே முதலில் வரும். திமிங்கல எண்ணிக்கையும் பொதுவாக அங்கேதான் அதிகம்.

தேதி விஷயத்திலும் ஏமாற்று உண்டு. பருவம் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை என்று சொல்லி ஜனவரித் தேதியை அதே விலைக்குத் தள்ளுவார்கள். ஜனவரியில் திமிங்கலம் இருக்கும், ஆனால் அப்போது பிறந்த குட்டிகளைத் தாய் படகுப் பக்கம் விடாது. குட்டி சற்று வளர்ந்து, விளையாட ஆரம்பித்து, தாயே அதைப் படகின் பக்கம் கூட்டிக்கொண்டு வருவது பிப்ரவரி நடுவுக்கு மேல். மார்ச் முழுக்க நல்ல காலம். குட்டியில்லாத திமிங்கலங்கள் முதலில் வடக்கே கிளம்பிவிடும். கடைசிவரை இருப்பவை தாயும் குட்டியும்தான். தொட ஆசை என்றால் பிப்ரவரி 20 முதல் மார்ச் 25 வரைக்குள் தேதி எடுங்கள்.

"தொடுவதற்கு உத்தரவாதம்" என்று எழுதிக் கொடுப்பவரை மட்டும் நம்பாதீர்கள். கிழக்குப் பசிபிக்கில் 2016 வாக்கில் சுமார் 27,000 சாம்பல் திமிங்கலங்கள் இருந்தன. 2019இல் கரை ஒதுங்கும் சாவுகள் கூடி, 2023இல் எண்ணிக்கை சுமார் 14,500க்கு வந்துவிட்டது. வடக்கே இரை குறைந்துபோய் மெலிந்து வருகின்றன, குட்டிகளும் குறைவு. இந்த நிலையில் ஒரு தாய் தன் குட்டியோடு உங்கள் படகுக்கு வந்து நிற்பது அதன் இஷ்டம். அதை விற்க யாருக்கும் உரிமை இல்லை. "இறங்கி நீந்தலாம்" என்பவர் இன்னும் மோசம். மெக்சிகோ அரசின் நோம்-131 விதிப்படி திமிங்கலத்தோடு நீந்துவது தடை. கயாக், ஜெட் ஸ்கீயில் போய்ப் பார்ப்பதும் தடை.

படகைப் பற்றி. அங்கே 'பங்கா' என்பார்கள், ஓட்டுபவர் 'பங்கேரோ'. 22 முதல் 24 அடி நீள ஃபைபர் படகு, பின்னால் ஒரு அவுட்போர்டு எஞ்சின். பத்துப் பேரை ஏற்றலாம்தான். ஆனால் திமிங்கலம் ஒரு பக்கம் வந்ததும் பத்துப் பேரும் அந்தப் பக்கம் சாய்ந்தால் படகு சரியும், பங்கேரோ கத்துவார், பாதிப் பேருக்கு அடுத்தவர் முதுகுதான் தெரியும். ஆறு பேர் என்றால் இரு பக்கமும் மூன்று மூன்று பேர், எல்லோருக்கும் தண்ணீர் கைக்கு எட்டும். அதனால் 'சிறு படகு' என்ற சொல்லோடு விட்டுவிடாமல், "எங்கள் படகில் மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்டு எண்ணை எழுதி வாங்குங்கள்.

அடுத்தது நேரம். இதில்தான் நல்ல பெயர் எடுத்த ஏஜென்சிகள்கூட விளையாடுகின்றன. "மூன்று மணி நேரம்" என்றால் எதிலிருந்து எதுவரை? கரையில் பெயர் எழுதி, லைஃப் ஜாக்கெட் மாட்டி, பாதுகாப்பு விளக்கம் கேட்க அரை மணி போகும். பார்வைப் பகுதி வரை படகு ஓட்டம் போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம் என்று வையுங்கள். உள்ளே பொதுவாக ஒன்றரை மணி நேரம் விடுவார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள், மற்றதெல்லாம் போக்குவரத்து. கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "திமிங்கலப் பகுதிக்குள் எத்தனை நிமிடம்?" பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

படகுக்கு அரசு அனுமதி, அதாவது 'பெர்மிசோ', இருக்க வேண்டும்; அனுமதிபெற்ற படகில் அதற்கான அடையாளக் கொடி பறக்கும். கொடி இல்லாத படகு திமிங்கலத்தைத் துரத்தும், வழியை மறிக்கும்; பிடிபட்டால் பயணமும் பாதியில் நின்றுபோகும். நல்ல பங்கேரோ துரத்தவே மாட்டார். தள்ளி நின்று எஞ்சினை நியூட்ரலில் மெல்ல ஓடவிட்டுக் காத்திருப்பார். வருகிற திமிங்கலம் தானாக வரும். வந்தால் மூச்சுத்துளையையும் கண்ணையும் தொடக் கூடாது. போனை மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். நீளமான ஜூம் லென்ஸ் அங்கே வீண். பக்கத்தில் வந்துவிட்டால் தலை மட்டும்கூட ஃபிரேமுக்குள் அடங்காது. காலையில் குளிரும், உப்புத் தண்ணீர் தெறிக்கும். தண்ணீர் புகாத மேல்சட்டை கட்டாயம்.

காற்று என்பது பொய்யாக மட்டும் வருவதில்லை, நிஜமாகவும் வரும். மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று ஏறும் என்பதால் காலை முதல் படகை எடுங்கள். பலமான காற்றில் துறைமுக அதிகாரி அலுவலகம், அதாவது 'கப்பித்தானியா தே புவெர்தோ', சிறு படகுகளுக்குத் துறையை மூடும். 'புவெர்தோ செர்ராதோ' என்பது அந்த அறிவிப்பு. அது எல்லோருக்கும் பொதுவான உத்தரவு. ஆகவே ரத்து என்று செய்தி வந்தால், அந்த அறிவிப்பின் நகலைக் கேளுங்கள், அதே துறையின் இன்னொரு படகுக்காரருக்கு போன் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. ஆறு பேர் புக்கிங்கில் இதை முந்தின இரவே செய்திருந்தால் மீதிப் பணமாவது தப்பியிருக்கும். கையில் ஒரு நாள் உபரியாக வைத்துத் திட்டமிடுங்கள். துறை நிஜமாகவே மூடினால் மறுநாள் போகலாம்.

கலிஃபோர்னியாவிலிருந்து காரில் இறங்கும் நம் ஆட்களுக்குத் தனியாக சில. அமெரிக்கக் கார் இன்சூரன்ஸ் மெக்சிகோவில் செல்லாது, எல்லையிலேயே மெக்சிகோ பாலிசி எடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் காலாவதியாகாத அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோ விசா தேவையில்லை; விசா முத்திரை முடிந்துபோய் ஐ-797 தாள் (அமெரிக்கக் குடியேற்றத் துறையின் ஒப்புதல் அறிவிப்பு) மட்டும் இருந்தால் அது போதாது. வழியில் வரும் எல் ரொசாரியோ ஊரைத் தாண்டினால் குவெரேரோ நேக்ரோ வரை 300 கி.மீ.க்கு மேல் ஒழுங்கான பெட்ரோல் பங்க் கிடையாது, எல் ரொசாரியோவிலேயே டேங்கை நிரப்புங்கள். குவெரேரோ நேக்ரோவில் நுழையும்போது மாநிலம் மாறுகிறது, கடிகாரமும் ஒரு மணி முன்னால் போகிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறுக்குப் பிறகு இரு பக்கமும் ஒரே நேரம். பிப்ரவரியில் இதை மறந்து எட்டு மணிப் படகைத் தவறவிட்டால் பணம் திரும்பாது. காயல் கரையில் ஏடிஎம் கிடையாது, பெசோவில் ரொக்கம் வைத்திருங்கள்.

பணம் கட்டும் முறை: முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், வங்கிப் பரிமாற்றத்தில் அனுப்பாதீர்கள். கார்டு என்றால் வாக்குறுதிக்கும் கிடைத்ததுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டி வங்கியில் தகராறு எழுப்பலாம். பரிமாற்றத்தில் போன பணம் போனதுதான். வவுச்சரில் 'பயேனா கிரிஸ்' (சாம்பல் திமிங்கலத்துக்கு ஸ்பானிஷ் பெயர்) என்ற சொல், கிளம்பும் படகுத்துறையின் பெயர், படகில் எத்தனை பேர், பகுதிக்குள் எத்தனை நிமிடம், ரத்தானால் எத்தனை நாளில் பணம் என்று இருக்க வேண்டும். ஏஜென்சியின் சட்டப்பூர்வப் பெயரும் முகவரியும் வேண்டும். நுகர்வோர் அமைப்பான ப்ரொஃபேக்கோவில் புகார் கொடுக்கப் போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். வெறும் வாட்ஸ்அப் எண்ணை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது.