டேபிள் டாப்பா, டில்டிங்கா? கிரைண்டரின் அடிப்பாகத்தைப் பார்த்து வாங்குங்கள்

உளுந்து பாதி அரைபட்டிருக்கும்போது டிரம் நின்றுவிடும். மோட்டார் மட்டும் உறுமும். கூடவே ரப்பர் கருகின வாசனை. டேபிள் டாப் கிரைண்டர் வாங்கியவர்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போனால், "மோட்டார் நல்லாத்தான் இருக்கு, பெல்ட்டுக்கு வாரன்டி கிடையாது" என்பார்கள். கார்டில் கொட்டை எழுத்தில் இருக்கும் ஐந்து வருஷம் பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும்தான். பெல்ட், புஷ் (கல்லுக்குள் இருக்கும் சின்ன நைலான் குழாய்), கல் மூன்றும் தேய்மானக் கணக்கில் போய்விடும்.

கீழே வைக்க இடமிருந்தால், தரையில் நிற்கிற, டிரம்மைச் சாய்க்கிற டில்டிங் கிரைண்டர் வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி.

கரண்ட் பில்லை வைத்து யோசிக்க வேண்டாம். 150 வாட் டேபிள் டாப் அரை மணி ஓடினால் 0.075 யூனிட். கால் ஹெச்பி டில்டிங் கொஞ்சம் கூட இழுத்தாலும் அதே அரை மணிக்குக் கால் யூனிட்டைத் தாண்டாது. மாவும் இரண்டிலும் நன்றாகப் பொங்கும். கழுவுவதில் டேபிள் டாப்தான் சுகம், டிரம்மைக் கழற்றி சிங்க்கில் வைத்துவிடலாம்.

விஷயம் ரிப்பேரில் இருக்கிறது.

டேபிள் டாப் நின்றுபோனால் எங்கே கோளாறு என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். டிரம்மை எடுத்துவிட்டு வெறுமனே ஓடவிடுங்கள். மோட்டார் ஓடியும் மேலே இருக்கும் சுழல் தட்டு சுற்றவில்லை என்றால் பெல்ட். தட்டு சுற்றுகிறது, மேலே வைத்த டிரம் மட்டும் நிற்கிறது என்றால் டிரம்மின் அடிப் பள்ளம் தட்டின் முளையில் சரியாக உட்காரவில்லை, அல்லது முளை மழுங்கிவிட்டது. மோட்டாரே ஓடாமல் உறுமினால், தட்டைக் கையால் ஒரு சுற்றுத் தள்ளிவிட்டுக் கையை எடுத்ததும் ஸ்விட்சைப் போடுங்கள். அப்போது ஓடினால், மோட்டாரைக் கிளப்பிவிடும் கன்டென்சர் போயிருக்கிறது. பழையதில் எத்தனை மைக்ரோஃபாரட் என்று போட்டிருக்கிறதோ அதையே வாங்கி மாற்ற வேண்டும். ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் கன்டென்சரில் கரண்ட் தங்கும் என்பதால் அதன் முனைகளில் கை வைக்காதீர்கள்.

பெல்ட் தளர்ந்திருந்தால், மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரை வெளிப்பக்கமாக நகர்த்தி முறுக்க வேண்டும். நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போனால் போதும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் வழுக்காதுதான், ஆனால் பேரிங் தேய்ந்து மோட்டார் சூடாகும்.

ஆனால் முளை உடைந்தாலோ, கூம்புக் கல்லுக்குள் இருக்கும் நைலான் புஷ் தேய்ந்தாலோ அந்தந்த மாடலுக்கே உரிய பாகம் தேவை. கம்பெனி மாடலை மாற்றிவிட்டால் அது கிடைப்பது கஷ்டம். புஷ் தேய்ந்ததற்கு அடையாளம், கல் ஆடிக்கொண்டே சுற்றும். மாவில் சாம்பல் நிறக் கீற்று தெரியும். கீற்றைப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள், அந்த மாவு சாப்பிட வேண்டாம்.

டில்டிங்கில் இந்தத் தலைவலி குறைவு. அடியில் எட்டிப் பார்த்தால் மோட்டார், புல்லி, வி-பெல்ட் எல்லாம் திறந்தே கிடக்கும். பெல்ட் மேல் அளவு எண் அச்சாகியிருக்கும். அதைச் சொன்னால் மோட்டார் சாமான் கடையிலேயே கிடைக்கும். சுருள் எரிந்தால் தெருமுனை ரீவைண்டிங் கடையில் சுற்றிக் கொடுப்பார்கள். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. சுற்றுவட்டாரப் பட்டறைகளில் இதன் பாகங்களைத் தனியாகவே செய்கிறார்கள். கல் வழவழப்பானால் கொத்திக்கொள்ளலாம், கொத்தின பிறகு இரண்டு தடவை அரிசி அரைத்துக் கொட்டிவிட வேண்டும். டேபிள் டாப்பின் சின்னக் கூம்புக் கல்லைக் கொத்த ஆள் கிடைப்பது அபூர்வம்.

குறை இல்லாமல் இல்லை. ஒருத்தர் தூக்க முடியாத கனம், நகர்த்த ஆள் வேண்டும். சாய்த்துக் கழுவும்போது தண்ணீர் மோட்டார் பக்கம் வழியும், அடியில் ஒரு தட்டு வைக்காமல் கழுவினால் சுருளில் ஈரம் ஏறும். கால் கிலோ உளுந்து மட்டும் அரைக்கிற வீட்டுக்கு இது வீண். மாவு குழவிக்குக் கீழே தங்கிச் சரியாக அரையாது.

இரண்டுக்கும் நடுவே, டிரம்மைச் சாய்க்கிற டேபிள் டாப்பும் இருக்கிறது. மாவை வழிக்க வசதி. ஆனால் அதன் கீலும் பூட்டும் பத்து வருஷம் தாங்குமா என்று அடித்துச் சொல்கிற அளவுக்கு அனுபவம் போதாது.

மாடி வீடு, சின்ன சமையலறை, வேறு வழியில்லை என்றால் டேபிள் டாப் வாங்குங்கள். தானியத்தைக் கொட்டிவிட்டு ஸ்விட்ச் போடாதீர்கள், பெல்ட் வழுக்குவதற்குப் பாதிக் காரணம் அதுதான். முதலில் ஓடவிட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, உளுந்தைப் பிடி பிடியாகப் போட வேண்டும். கிரைண்டரில் போட்டிருக்கும் 2 லிட்டர் என்பது ஊறின தானியமும் தண்ணீரும் சேர்ந்த அளவு. ஊறப்போடும் முன் அரிசியை முக்கால் கிலோவோடு நிறுத்திக்கொண்டால் பெல்ட்டுக்கு நல்லது. கடையில் பணம் கட்டும்போதே அந்த மாடலுக்கு ஒரு பெல்ட்டும் ஒரு ஜோடி நைலான் புஷ்ஷும் கேட்டு வாங்கிவிடுங்கள். "ஸ்டாக் இல்லை" என்று கடைக்காரர் சொன்னால், அந்த மாடலை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.