பழைய கார்டு பாக்கிக்குக் கையெழுத்து கேட்டால் அவசரப்பட்டுப் போடாதீர்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் இருப்பவர்கள், அதிலும் ஷூ கம்பெனியிலோ டேனரியிலோ இருந்தபோது கிரெடிட் கார்டு வாங்கி, அப்புறம் கட்ட முடியாமல் விட்டவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

2013-ல் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி வாசலுக்கே வந்து கார்டு கொடுத்தார்கள். 2015-ல் அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது, அதே வருஷம் எனக்கு வேலையும் போனது. அந்த அக்டோபரில் கட்டியதுதான் கடைசி. பாக்கி 38,400 ரூபாய். வாங்கியது வாங்கியதுதான், நான் மறுக்கவில்லை.

2024 ஜூனில் ஒரு போன். "உங்க லோனை நாங்க வாங்கிட்டோம் சார், இப்ப 1,71,000 ஆகுது." பேங்கில் போய்க் கேட்டால், ஃபைலை விற்றாகிவிட்டது, அவர்களிடமே பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். வங்கிகள் வராக்கடனைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு, அதாவது அப்படிப்பட்ட கடனை வாங்கி வசூலிக்கும் கம்பெனிகளுக்கு, விற்பது வழக்கம்தான். 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது. விற்றதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

அதன்பிறகு காலை ஏழு மணிக்குப் போன், ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். குடியாத்தத்தில் இருக்கும் என் மனைவியின் அண்ணன் நம்பரை எங்கே பிடித்தார்களோ தெரியாது, அவரிடம் "உங்க தங்கச்சி வீட்டுக்காரர் மேல வாரண்ட் வருது" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் அலறியடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்து, "இன்னா மாப்ள இது, எங்கிட்ட சொல்லக்கூடாதா?" என்று கேட்டபோது எனக்குத் தலை நிமிரவில்லை. அந்த அவமானத்தில்தான் அடுத்த தப்பைச் செய்தேன்.

45,000 கட்டினால் முடித்துவிடலாம், முதலில் 3,000 போடுங்கள் என்று ஏஜெண்ட் நேரில் வந்தார். கிரீன் சர்க்கிள் பக்கத்தில் ஒரு டீக்கடை வாசல். என் ஸ்கூட்டர் சீட்டின் மேலேயே காகிதத்தை விரித்து, பேனாவையும் அவரே கொடுத்தார். 45,000 என்ற எண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், மொத்தப் பாக்கியையும் ஒப்புக்கொள்கிறேன், தவணை தவறினால் முழுத் தொகையும் கட்டுவேன் என்று இருந்திருக்கிறது. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். 3,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். ஸ்கிரீனில் வந்த பெயர் கம்பெனி பெயர் இல்லை, ஒரு தனி ஆளின் பெயர். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் வேறொருவர் பேசினார். பழைய ஏஜெண்ட் வேலையை விட்டுப் போய்விட்டாராம். 3,000 கணக்கில் வரவில்லையாம். அதனால் சலுகை ரத்து, 1,71,000 கட்டு, உன் கையெழுத்து எங்களிடம் இருக்கிறது என்றார். முதல் ஆளிடம் இருந்த 'சார்' இவரிடம் இல்லை.

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் போய்க் காகிதத்தின் போட்டோவைக் காட்டினேன். அவர் சொன்னதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 1963-ன் காலவரையறைச் சட்டப்படி இந்த மாதிரிக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. என் கணக்கில் அது 2018-லேயே முடிந்துவிட்டது. கெடு தாண்டிய பிறகு கட்டிய 3,000 மட்டும் அதைத் திரும்ப உயிர்ப்பிக்காது. ஆனால் கட்டுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், 1872-ன் ஒப்பந்தச் சட்டம் 25-வது பிரிவின்படி அதுவே புது வாக்குறுதியாகிவிடும். செத்துக் கிடந்த வழக்குக்கு உயிர் கொடுத்தது என் கையெழுத்து.

வாரண்ட் என்று மிரட்டினால் நம்பாதீர்கள். கார்டு பாக்கி சிவில் விவகாரம், வெறும் பாக்கிக்காகப் போலீஸ் வந்து பிடிக்காது. (செக் கொடுத்து அது திரும்பினால் கதை வேறு, அதனால் செக்கும் கொடுக்காதீர்கள்.) லோக் அதாலத் நோட்டீஸ் என்று வாட்ஸ்அப்பில் எதையாவது அனுப்பினாலும், அது சமரசம் பேசும் இடம், இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் பண்ணக்கூடாது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அழைப்புகளின் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

போன் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, "கடனை வங்கி உங்களுக்கு மாற்றிக்கொடுத்த பத்திரம் எங்கே?" என்பது. அந்த நிறுவனம் ரிசர்வ் வங்கியில் பதிவானதா என்று ரிசர்வ் வங்கியின் இணையதளப் பட்டியலில் பாருங்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ரிப்போர்ட்டை வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். அதில் கடைசியாகப் பணம் கட்டிய தேதி இருக்கும். மூன்று வருஷக் கெடு தாண்டிவிட்டதா என்று பார்க்க, மற்ற எதையும் விட அந்தத் தேதிதான் உங்களுக்கு முக்கியம். நான் அதைக் கையெழுத்துப் போட்ட பிறகு பார்த்தேன். நியாயமான தொகைக்கு முடித்துக்கொள்ள விரும்பினாலும், கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுத்து வந்த பிறகு, கம்பெனி வங்கிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள்.

பத்திர நகலும் 3,000-க்கு ரசீதும் கேட்டு அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்துவிட்டது. பதில் மட்டும் இன்னும் வரவில்லை.