வெளி அழைப்புக்கு எது சரி: எஃப்எக்ஸ்ஓ போர்ட்டில் பழைய லேண்ட்லைனா, எஸ்ஐபி ட்ரங்கா?

கோயம்புத்தூரில் நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்கும் எங்கள் அலுவலகத்தில் 11 மேசைகள், 3 லேண்ட்லைன்கள். 16 ஆண்டுகள் உழைத்த இன்டர்காம் பெட்டியின் லைன் கார்டு ஓர் ஐப்பசி இடிமழையில் கருகிப் போனது. அந்த மாடலுக்கு இனிக் கார்டு கிடைக்காது என்று சர்வீஸ்காரர் கையை விரித்துவிட்டதால், சிறிய கணினி ஒன்றில், கணினியையே டெலிபோன் எக்ஸ்சேஞ்சாக மாற்றும் ஆஸ்டெரிஸ்க் மென்பொருளை நிறுவி, மேசைதோறும் ஐபி போன் வைத்தோம். உள்ளுக்குள் பேசிக்கொள்ளும் ஏற்பாடு ஒரே மாலையில் முடிந்துவிட்டது; வெளியே பேசும் ஏற்பாடு முடிவதற்குத்தான் ஏறக்குறைய அரை ஆண்டு பிடித்தது. முதல் 5 மாதங்கள் பழைய லேண்ட்லைன்களையே எஃப்எக்ஸ்ஓ கேட்வே (லேண்ட்லைனைச் செருகும் போர்ட்டுகள் கொண்ட, கணினியோடு இணைக்கும் பெட்டி) வழியாக இணைத்து ஓட்டினோம். அதற்குப் பிறகு 14 மாதங்களாக எஸ்ஐபி ட்ரங்க், அதாவது தொலைபேசி நிறுவனத்தோடு கணினிக்குக் கணினி நேராகப் பேசும் இணைப்பு, ஓடுகிறது. இரண்டையும் என் கையாலேயே அமைத்தவன் என்ற முறையில், நான் எஸ்ஐபி ட்ரங்க் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேறு வழிகளையும் பார்க்காமல் இல்லை. சிம் கார்டு போடும் கேட்வே மலிவானது; ஆனால் அதன் வழியே பேசினால் வாடிக்கையாளரின் திரையில் எங்கள் 0422 எண்ணுக்குப் பதிலாக ஏதோ ஒரு மொபைல் எண் தெரியும், தெரியாத மொபைல் எண்ணை இப்போது யாரும் எளிதில் எடுப்பதில்லை. ஜியோ சிம் போட எண்ணுபவர்கள் கேட்வே வோல்ட்டிஇ (4ஜி வலைப்பின்னலிலேயே குரல் அழைப்பு) வசதி கொண்டதுதானா என்று பார்த்து வாங்க வேண்டும். அந்த நிறுவனத்துக்கு 2ஜி வலைப்பின்னல் கிடையாது. மேசைக்கு இவ்வளவு என்று மாத வாடகை வாங்கும் கிளவுட் டெலிபோனி கால் சென்டர்களுக்குப் பொருந்தும். நாளுக்கு நாற்பது ஐம்பது அழைப்பு வரும் எங்களைப் போன்றவர்களுக்கு அது தேவையில்லை என்று ஒதுக்கிவிட்டோம்.

எஃப்எக்ஸ்ஓ போர்ட் என்பது எக்ஸ்சேஞ்சின் பார்வையில் ஒரு சாதாரண டெலிபோன்தான். மணி அடித்தால் ரிசீவரை எடுப்பது, டயல் டோன் கேட்டதும் எண்ணை அழுத்துவது, பேசி முடித்ததும் கீழே வைப்பது ஆகிய மூன்று காரியங்களையும் மனிதக் கைக்குப் பதிலாக அது செய்கிறது. எஸ்ஐபி ட்ரங்கில் ரிசீவர் என்ற பாவனையே இல்லை. நம் கணினியும் தொலைபேசி நிறுவனத்தின் கணினியும் ஒன்றுக்கொன்று எழுத்துச் செய்தி அனுப்பிக்கொள்கின்றன, குரல் தனியாக வேறொரு பாதையில் போகிறது. குரலின் தெளிவைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கண்டதாகச் சொல்ல முடியாது. எஃப்எக்ஸ்ஓவில் மெல்லிய எதிரொலி இருந்தது; லைனின் மின்தடைக்குப் பொருந்தும் இம்பீடன்ஸ் அமைப்பைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததும் அடங்கிவிட்டது. என் முடிவைத் தீர்மானித்தது குரலும் அல்ல, வாடகையும் அல்ல. எதிர்முனையில் இருப்பவர் போனை வைத்துவிட்டார் என்பது நம் பெட்டிக்கு எப்படித் தெரிகிறது என்ற ஒரே விஷயம்தான்.

ரிசீவர் மனிதரின் கையில் இருக்கும்போது இது ஒரு பிரச்சினையே அல்ல. எதிரில் இருப்பவர் வைத்துவிட்டால் எக்ஸ்சேஞ்சிலிருந்து டூ, டூ என்று ஒலி வரும், காதில் விழுந்ததும் நாமும் வைத்துவிடுவோம். எங்கள் பதிவுக் குரல், அதாவது "விற்பனைக்கு 1, கணக்குப் பிரிவுக்கு 2" என்று பேசும் வரவேற்பு, அழைப்பை எடுக்கும்போது கேட்பதற்குக் காது எதுவும் இல்லை. கேட்வேயே அந்த ஒலியை இனம் கண்டு லைனை விட வேண்டும். இந்தியாவின் எங்கேஜ்டு டோன் 400 ஹெர்ட்ஸ் கொண்ட ஒற்றை ஒலி. முக்கால் வினாடி ஒலித்து, முக்கால் வினாடி நிற்கும். எங்கள் கேட்வே பெட்டியிலிருந்து எடுத்தபோது அமெரிக்க அமைப்பில் இருந்தது: 480, 620 ஹெர்ட்ஸ் என்ற இரட்டை ஒலி, அரை வினாடிக்கு அரை வினாடி. வராத ஒலிக்காக அது காத்துக்கொண்டே இருந்தது. எக்ஸ்சேஞ்சும் அந்த டோனை நாள் முழுவதும் அனுப்பிக்கொண்டிருக்காது, சற்று நேரத்தில் நிறுத்திவிடும். அதன் பிறகு லைனில் கேட்பதற்கும் ஒன்றுமில்லை. ரிசீவரைக் கீழே வைக்க மறந்த வீட்டுப் போன் போல, வெளியிலிருந்து கூப்பிடுபவர்களுக்கு அது எங்கேஜ்டாகவே இருக்கும்.

இதன் முழுவீச்சு ஒரு திங்கட்கிழமை காலை தெரிந்தது. விற்பனை மேலாளரின் மேசையில் யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு அவருடைய மொபைலுக்குப் போகும்படி வைத்திருந்தேன். சனிக்கிழமை மாலையில் ஒன்றாம் லைனில் வந்த ஓர் அழைப்பு இரண்டாம் லைன் வழியாக அவருடைய மொபைலுக்குப் போயிருக்கிறது. இருவரும் பேசி முடித்து வைத்தும்விட்டார்கள். இரு லைன்களுக்கும் நடுவில் மனிதர் எவரும் இல்லாததால், ஒரு பக்கத்து டோனை இன்னொரு பக்கத்துக்கு ஒப்புவித்தபடி பெட்டி அந்த இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. காலை 9.15 மணிக்கு நான் வந்தபோது கேட்வேயின் முதல் இரண்டு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. "ஏனுங்க, ஞாயித்துக்கெழமகூட லைன் எங்கேஜாவே இருக்குதுங்களே, அத்தன யாவாரமுங்களா?" என்று பல்லடத்து வாடிக்கையாளர் ஒருவர் கேட்டதற்கு, என்னால் சிரிக்கத்தான் முடிந்தது.

டோன் அமைப்பை இந்தியாவுக்கு மாற்றினேன். பாதி குணம் தெரிந்தது. எத்தனை முறை ஒலித்தால் லைனை விடலாம் என்ற எண்ணிக்கையில் அடுத்த சிக்கல் வந்தது. அதிகமாக வைத்தால் சில வேளை லைன் விடுபடாமல் போகிறது, குறைவாக வைத்தால் பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்துவிடுகிறது. கிடங்கு வாசலில் லாரி பின்னோக்கி வரும்போது எழும் பீப் ஒலியை எங்கள் கேட்வே எங்கேஜ்டு டோன் என்று எடுத்துக்கொண்டதோ என்று இரண்டு முறை சந்தேகப்பட்டேன். நிரூபிக்க முடியவில்லை, ஆனால் இரண்டு முறையும் அறுந்த அழைப்பு கிடங்கு மேசையில்தான் நடந்துகொண்டிருந்தது.

இதற்குச் சரியான பரிகாரம் லைனின் துருவத்தை மாற்றித் தருவது. எதிரில் எடுத்ததும் எக்ஸ்சேஞ்ச் இரு கம்பிகளின் மின்துருவத்தையும் தலைகீழாக மாற்றும், வைத்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவரும்; டோனை ஊகிக்கும் வேலையே இல்லை. அந்தக் காலத்து எஸ்டிடி பூத்தில் எதிர்முனை எடுத்த பிறகே மீட்டர் ஓடத் தொடங்கியதற்கு இப்படிப்பட்ட சமிக்ஞைகள்தான் ஆதாரம். விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, லைன்மேனுக்குப் பக்கத்திலேயே நின்று மல்டிமீட்டரை, லைன் வந்து முடியும் ரோசெட் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 49 வோல்ட், ரிசீவரை எடுத்ததும் 8 வோல்ட், என் மொபைலை அழைத்து நான் எடுத்ததும் அதே 8க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. அந்தச் சிறிய கோடு திரையில் தோன்றிய கணத்தில் வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

ஒன்றரை மாதம் நன்றாகவே ஓடியது. பிறகு எங்கள் தெருவில் தாமிரக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டார்கள். அதே எண், அதே வாடகை. ஆனால் இப்போது லைன், சுவரில் மாட்டிய ஓஎன்டி என்ற, ஃபைபர் வந்து முடியும் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து வருகிறது, அந்தப் பெட்டி துருவத்தை மாற்றுவதில்லை. என் எரிச்சல் அடங்கிய பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் நகைமுரண் புரிந்தது. ஓஎன்டிக்குள் அழைப்பு வருவது எஸ்ஐபி வடிவில். எதிர்முனை வைத்துவிட்டது என்ற செய்தி அதுவரை தெளிவான எழுத்தில் வந்து சேர்ந்துவிடுகிறது. ஓஎன்டி அதை டூ, டூ என்ற ஒலியாக மாற்றி இரண்டு முழக் கம்பியில் அனுப்புகிறது. மறுமுனையில் எங்கள் கேட்வே அந்த ஒலியைக் காது கொடுத்துக் கேட்டு, என்ன செய்தியாக இருக்கும் என்று ஊகித்து, மறுபடியும் எஸ்ஐபியாக எழுதுகிறது. எழுதிய கடிதத்தை ஒருவர் சத்தமாகப் படிக்க, அடுத்த அறையில் இன்னொருவர் கேட்டு எழுதுவதைப் போன்றது இது. கடிதத்தையே நேராக வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றிய அன்றுதான் எஸ்ஐபி ட்ரங்குக்கு விண்ணப்பித்தோம்.

ட்ரங்கில் அழைப்பு முடிந்தது என்பதற்குத் தனிச் செய்தியே உண்டு. ஆங்கிலத்தில் விடைபெறும் சொல்லான 'பை' என்பதே அதன் பெயர். எதிர்முனை எடுத்தால் 200, எங்கேஜ்டாக இருந்தால் 486 என்று ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கிறது. இந்த 14 மாதங்களில் ஒரு லைன்கூடத் தொங்கியதில்லை. இதன் உடன்விளைவாக இன்னொன்றும் சரியானது: எஃப்எக்ஸ்ஓவில் எண்ணை அழுத்தி முடித்த உடனேயே "பேசத் தொடங்கியாயிற்று" என்று பதிவாகும், யாரும் எடுக்காத அழைப்புகூட நாற்பது வினாடி உரையாடலாக அறிக்கையில் நிற்கும். மாதக் கடைசியில் அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் எங்கள் முதலாளி விற்பனைப் பையன்களைக் கேள்வி கேட்கிறார் என்பதால், இதைச் சிறிய விஷயம் என்று சொல்ல மாட்டேன்.

ட்ரங்கை அமைப்பதும் ஊதித் தள்ளும் வேலை அல்ல. எங்களுக்கு 10 சேனல்களும் (ஒரே நேரத்தில் 10 அழைப்பு) 20 எண்களும் தந்தார்கள்; பொது இணையத்தில் அல்லாமல் தனி ஃபைபரில், கடவுச்சொல் இல்லாமல் ஐபி முகவரியை வைத்தே ஆள் அடையாளம் காணும் முறை. ஜி.711 ஏ-லா என்ற, குரலை டிஜிட்டலாக்கும் கோடெக்கில் ஓர் அழைப்புக்கு வினாடிக்கு ஏறக்குறைய 87 கிலோபிட் செலவாகும் என்பதால் 10 அழைப்பும் சேர்ந்தாலும் 1 எம்பிபிஎஸ்-ஐத் தொடாது. கணினியில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு போட வேண்டியிருந்தது. முதல் நாள் நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்டது, அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. குரலை அனுப்ப வேண்டிய முகவரியாக எங்கள் கணினி அலுவலகத்தின் உள்முகவரியான 192.168 வரிசையைக் கொடுத்துக்கொண்டிருந்ததே காரணம். ட்ரங்குக்கு உரிய முகவரியைக் குறிப்பிட்டதும் சரியானது. அடுத்த நாள், வெளியே போகும் அழைப்புகள் எல்லாம் 403 (அனுமதி இல்லை) என்று திருப்பி அனுப்பப்பட்டன. அழைப்பவர் எண்ணாக 101, 102 என்ற எக்ஸ்டென்ஷன் எண்ணையே அனுப்பியிருக்கிறேன். அவர்கள் ஒதுக்கிய எண்களுள் ஒன்றை அவர்கள் கேட்கும் வடிவத்திலேயே அனுப்ப வேண்டும். ஃபைபர் தனியானது என்றாலும் 00 என்று தொடங்கும் வெளிநாட்டு அழைப்பை முதலாளியின் போனைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அடைத்துவிட்டேன். எக்ஸ்டென்ஷனின் எண்ணையே அதன் கடவுச்சொல்லாக வைத்துவிட்டு, ஒரே இரவில் வெளிநாட்டு அழைப்புகளுக்குப் பில் கட்டுவது இத்துறையில் பழைய கதை.

டயல் செய்யும் விதியில் ஒரு நுணுக்கம் உண்டு. 2021 ஜனவரி 15 முதல் இந்தியாவில் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும். பழைய இன்டர்காமில் வெளி லைனுக்கே 0 என்பதால் இரண்டு முறை 0 அழுத்த வேண்டியிருந்தது, பாதிப்பேர் ஒன்றோடு நிறுத்திவிட்டு நம்பர் தவறு என்ற அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது 6 முதல் 9 வரை ஏதேனும் ஓர் இலக்கத்தில் தொடங்கும் 10 இலக்க எண்ணுக்குக் கணினியே 0 சேர்த்துக்கொள்கிறது. உள்ளூரின் 7 இலக்க எண்ணை அப்படியே விடுகிறது. 112, 108 இரண்டுக்கும் எதுவும் சேர்ப்பதில்லை.

பழைய லைனுக்கு இன்னும் இரண்டு பலங்கள் உண்டு. தாமிரக் கம்பிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளிலும் ஒரு சாதாரண போனைச் செருகினால் பேசலாம். ஃபைபர் வந்த தெருவில் அந்தப் பலம் போய்விட்டது, அது இன்னும் வராத ஊர்க்காரர்கள் என் சாய்வைச் சற்றுத் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். ட்ரங்கைப் பொறுத்தவரை கணினி, சுவிட்ச், ஃபைபர் பெட்டி மூன்றும் யுபிஎஸ்ஸில் இருந்தால்தான் உயிர். எங்களுடையது மூன்று மணி நேரம் தாங்குகிறது, நாள் முழுக்க மின்தடை என்றால் வாடகை ஜெனரேட்டர்தான். 14 மாதம் என்பது ஒரே ஒரு மழைக்காலம், ஆகவே பத்தாண்டு உழைப்பைப் பற்றி நான் பேசுவதற்கில்லை.

மற்றது எண். மொபைல் எண்ணைப் போல லேண்ட்லைன் எண்ணை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இந்தியாவில் இல்லை. எங்கள் பில் புத்தகத்திலும் பெயர்ப்பலகையிலும் இருபது ஆண்டுகளாக இருக்கும் எண்ணை ட்ரங்க் தரும் நிறுவனத்தால் தர முடியாது. அதனால் மூன்றில் இரண்டை ஒப்படைத்துவிட்டு, அந்த ஓர் எண்ணை மட்டும் கேட்வேயின் முதல் போர்ட்டில் வைத்திருக்கிறோம். அதற்குப் பதிவுக் குரலும் வாய்ஸ் மெயிலும் கிடையாது, மொபைலுக்குத் திருப்பிவிடுவதும் கிடையாது; வரும் அழைப்பு நேராக நான்கு மேசைகளில் ஒன்றாக மணி அடிக்கும், எடுப்பது மனிதக் கை, டூ, டூ கேட்டால் வைப்பதும் அதே கை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மணி நேரத்தில் அழைப்பைத் தானாக முடிக்கும் கட்டுப்பாட்டையும் சேர்த்திருக்கிறேன். வெளியே போகும் அழைப்புகள் அனைத்தும் ட்ரங்கில். அதன் எண் அடுத்து அச்சுக்குப் போகும் பில் புத்தகத்தில் பழைய எண்ணுக்கு மேலே ஏறுகிறது.