திருப்பூர் சரக்கு என்று நம்பி 46,800 ரூபாய் போய்விட்டது: வீட்டிலிருந்து துணி விற்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

46,800 ரூபாய். ஏற்றுமதியில் மிஞ்சிய ஆண்கள் டி-ஷர்ட், 520 உருப்படி, ஒன்று 90 ரூபாய். கணக்கு அவ்வளவுதான். பணம் போய்விட்டது. வந்த நான்கு மூட்டைகளும் எங்கள் வீட்டு முன்னறையில் ஈர வாடையோடு கிடக்கின்றன. பிரித்துப் பார்த்து இன்றோடு ஒன்பது நாள். என்னைப் போல வீட்டிலிருந்து துணி வாங்கி விற்கிற ஒருவராவது இதைப் படித்துக் கையை இழுத்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். சரக்கு எடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை முடிவில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு நான் புதியவள் இல்லை. ஊர் திண்டுக்கல். பகலில் தையல், மாலையில் துணி விற்பனை. இரண்டரை ஆண்டுகளாக மாதம் ஒரு முறை விடிவதற்கு முன் பஸ் ஏறி, ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகத் திருப்பூர் போவேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற காதர்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு உருப்படியாக விரித்துப் பார்த்து எடுத்து, மூட்டை கட்டி, இரவுக்குள் திரும்பிவிடுவேன். வெளிநாட்டு ஆர்டருக்குத் தைத்து மிஞ்சியவை, ஆர்டர் ரத்தாகி நின்றவை, அளவு சற்றுப் பிசகியதால் பையர், அதாவது ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு நிறுவனம், தள்ளிவிட்டவை, இவைதான் அங்கே வரும். செகண்ட்ஸ் (சிறு குறையுள்ள சரக்கு) என்றால் செகண்ட்ஸ் என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். விலையும் அதற்கேற்றபடி இருக்கும். நான் நேரில் எடுத்த கடைகளில் ஒருவர்கூட என்னை ஏமாற்றியதில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் திருப்பூரைத் திட்டக் கூடாது என்பதற்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

என்னிடம் வாங்குகிறவர்கள் கட்டட வேலைக்கும் பூ மார்க்கெட்டுக்கும் போகிற குடும்பங்கள். நூறு ரூபாய்க்கு எடுத்ததை நூற்றைம்பதுக்குக் கொடுப்பேன். பாதிப் பேர் இரண்டு தவணையாகத் தருவார்கள். மாதம் நாலாயிரம், ஐயாயிரம் நிற்கும். தீபாவளி மாதத்தில் அது மூன்று மடங்காகும். அந்த ஒரு மாதத்தை நம்பித்தான் பெரியவளின் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது.

இந்த ஆண்டு தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஒரு நாள்கூட வீட்டை விட்டு நகர முடியாத நிலை. சீசனை விட்டுவிடவும் மனமில்லை. அப்போதுதான் மொத்த வியாபாரிகளையும் சில்லறை வியாபாரிகளையும் இணைத்துவைக்கும் ஒரு தளத்தில் தேடினேன். அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே ‘திருப்பூர் ஏற்றுமதி உபரி’ என்று போட்டிருந்த ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்’ என்று பச்சை முத்திரை இருந்தது. எண்ணைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது.

நிதானமான பேச்சு. “அக்கா, அவசரப்பட வேண்டாம். முதலில் பத்து உருப்படி சாம்பிள் அனுப்புகிறேன். துவைத்துப் பாருங்கள், பிடித்தால் மட்டும் பேசுவோம்” என்றார். சரக்கை விற்கத் துடிக்கிறவர் இப்படிப் பேசுவாரா என்று நினைத்தேன். கடை எங்கே என்று கேட்டேன். காதர்பேட்டையில் இருந்ததாகவும், 2023 தீ விபத்தில் எரிந்துபோனதாகவும், இப்போது குடோனிலிருந்து மட்டும் விற்பதாகவும் சொன்னார். அந்த ஆண்டு காதர்பேட்டை பனியன் சந்தையில் தீப்பிடித்துக் கடைகள் எரிந்தது உண்மை. அடுத்த முறை போனபோது கரி படிந்த இடத்தை நானே பார்த்திருக்கிறேன். பாவம், அந்த மனிதர்களில் ஒருவர் என்று மனம் இளகிவிட்டது. பிறர் வீட்டுத் தீயை எடுத்து அவர் என் மேல் பயன்படுத்தியிருக்கிறார் என்பது இப்போது நினைத்தாலும் கொதிக்கிறது.

சாம்பிளுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்தது. குறையே சொல்ல முடியாத துணி. 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), துணி வழவழப்பாக வர பயோ வாஷ் செய்தது, கழுத்துப் பட்டையான ரிப் இழுத்தால் விட்டதும் பழையபடி உட்காருகிறது. இரண்டு முறை துவைத்தேன். சாயம் போகவில்லை, சுருங்கவில்லை. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் பத்தையும் வைத்துப் பார்த்தேன்: ஒரு கிலோ 900 கிராம். இந்த எடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு காணொலி அழைப்பு. கூரை வரைக்கும் அடுக்கிய மூட்டைகள், நடுவே அவர். நான் கேட்ட மூட்டையைப் பிரித்தார், நான் கேட்ட நிறத்தை எடுத்தார், தையலைத் திருப்பிக் காட்டினார். முக்கால் மணி நேரம் பொறுமையாகக் காட்டினார். இடையில் “அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது அக்கா?” என்று மாமியாரையும் விசாரித்தார். அந்தக் கேள்வியில்தான் நான் விழுந்தேன். சொந்தத் தம்பி கேட்பதுபோல இருந்தது. அன்றிரவே கணவரிடம் சொல்லி, சீட்டு எடுத்துவைத்திருந்த 35,000 ரூபாயையும், கையிருப்பில் 11,800 ரூபாயையும் சேர்த்தோம்.

முன்பணம் 20,000. லாரியில் ஏற்றிய ரசீதைக் காட்டியதும் மீதி 26,800. அதுதான் பேச்சு. பணம் அனுப்பும்போது கைப்பேசியில் வேறொரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டதற்கு, “அண்ணியின் கணக்கு அக்கா, கடைக் கணக்கில் வரம்பு முடிந்துவிட்டது” என்றார். அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் லாரி ரசீதின் படம் வந்தது. எண் தெரிந்தது, நான்கு மூட்டை என்று எழுதியிருந்தது. எடை எழுதும் கட்டத்தின் மேல் அவருடைய கட்டைவிரல் இருந்தது. பிடித்துக்கொண்டு படம் எடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். மீதியையும் அனுப்பினேன். மொத்தம் 46,800 ரூபாய்.

பார்சல் அலுவலகத்தில் வாடகை 780 ரூபாயை நான் கட்டித்தான் மூட்டையை எடுக்க முடிந்தது. அசல் ரசீதைக் கையில் வாங்கியபோதுதான் எடையைப் பார்த்தேன்: 68 கிலோ. பத்து உருப்படி 1.9 கிலோ என்றால் 520 உருப்படி கிட்டத்தட்ட 99 கிலோ இருந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டு வந்தேன்.

ஒவ்வொரு மூட்டையிலும் மேல் அடுக்கு மட்டும் சாம்பிள் துணி. நான்கிலும் சேர்த்து 71 உருப்படி. அதற்குக் கீழே கையை விட்டால் ஈரம். ஒரு கை மட்டும் தைத்தது, கழுத்தே வைக்காதது, முன்பக்கம் ஒரு ஷேடு பின்பக்கம் ஒரு ஷேடு, ஆயில் கறை, ஊசி ஓட்டை வரிசை வரிசையாக. இயந்திரம் துடைக்கக் கிலோ கணக்கில் போகும் பனியன் கழிவு அது. எண்ணினால் மொத்தமே 437. இதையாவது செகண்ட்ஸ் என்று நினைத்துக்கொள்ளலாம். மூன்றாவது மூட்டையின் அடியில் பழைய துணி இருந்தது. யாரோ உடுத்திக் கழற்றியது. காலரில் வியர்வைக் கறை, ஒன்றில் ஏதோ பள்ளியின் சின்னம், ஒன்றின் பையில் மடித்துவைத்த பஸ் டிக்கெட்.

தீபாவளிக்கு மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்து, குளித்துவிட்டுப் பிள்ளைக்கு உடுத்துகிற துணி. அதற்குத்தான் என்னிடம் காசு கொடுக்கிறார்கள். மூன்று பையன்களை வைத்துக்கொண்டு பூக்கட்டிப் பிழைக்கிற ஒரு பெண், ஐந்நூறு ரூபாய் முன்கூட்டியே கொடுத்திருந்தார். அந்தப் பழைய துணியைத் துவைத்து இஸ்திரி போட்டால் விற்றுவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. மாட்டேன். அவருடைய ஐந்நூறை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இதுவரை ‘அவர்’ என்று எழுதிவிட்டேன். இனி எழுத வரவில்லை.

முதல் நாள் அழைத்தபோது எடுத்தான். “மிக்ஸ் லாட்டில் கொஞ்சம் செகண்ட்ஸ் வரத்தானே செய்யும், உங்களுக்குத் தெரியாததா அக்கா” என்றான். பழைய துணியின் படத்தை அனுப்பியதும், பார்சல் அலுவலகத்தில் மூட்டை மாறியிருக்கும் என்றான். மூட்டையின் மேல் என் பெயரை எழுதியது அவன் கை. இரண்டாம் நாள் ‘மேலாளர்’ என்று இன்னொருவன் பேசினான்: முதலாளி கோயிலுக்குப் போயிருக்கிறார், வந்ததும் மாற்றுச் சரக்கு ஏற்றிவிடுவோம், தளத்தில் மட்டும் புகார் எழுதிவிடாதீர்கள். மூன்றாம் நாள், மாற்றுச் சரக்கு ஏற்ற 6,000 ரூபாய் கட்டினால் பிறகு கழித்துக்கொள்ளலாம் என்றான். நான்காம் நாள் எண் அணைந்துவிட்டது.

இந்த நான்கு நாட்களைத்தான் அவர்கள் என்னிடமிருந்து பேசிப் பேசி வாங்கியிருக்கிறார்கள். இணையப் பண மோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் அழைத்தால் நிறுத்திவைக்க வழி உண்டு. நான் அழைத்தபோது நேரம் கடந்திருந்தது. புகாரைப் பதிவு செய்து எண் கொடுத்திருக்கிறார்கள்; காத்திருக்கிறேன்.

அந்தத் தளம் என்ன சொன்னது தெரியுமா? “நாங்கள் அறிமுகம் மட்டுமே செய்கிறோம். பணம் எங்கள் வழியாக வரவில்லை.” அப்படியென்றால் அந்தப் பச்சை முத்திரையால் எதைச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். கைப்பேசி எண்ணையாம். பார்சல் அலுவலகம், மூட்டை எண்ணிக்கைக்குத்தான் பொறுப்பு, உள்ளே இருப்பதற்கு இல்லை என்றது. வங்கி, நீங்களே விரும்பி அனுப்பிய பணம் என்றது. காவல் நிலையத்தில் ஒருவர், இது வியாபாரத் தகராறு அம்மா, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். யாரோடு பேசுவது? அணைந்த எண்ணோடா?

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று இருந்தேன். தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் சட்டத்தைப் படித்துக் காட்டினார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மறுவிற்பனைக்காகப் பொருள் வாங்குகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார். என் பிள்ளைக்கு ஒரு டி-ஷர்ட் வாங்கி ஏமாந்திருந்தால் அங்கே போகலாம். பிழைப்புக்காக 520 வாங்கி 46,800 ரூபாயை இழந்தால் அந்தக் கதவு திறக்காது. எனக்கு இருப்பது மோசடி வழக்கும் உரிமையியல் வழக்கும்தான். வீட்டிலிருந்து விற்கிற பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அவன் அனுப்பிய பில்லின் ஜிஎஸ்டி எண் 33 என்று தமிழ்நாட்டுக் குறியீட்டில்தான் தொடங்குகிறது. அதை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கட்டணம் இல்லை, இரண்டு நிமிடம் ஆகாது. வேறு யாருடைய நிறுவனத்தின் பெயரோ வந்தது, பதிவும் ரத்து. 46,800 ரூபாய் அனுப்புவதற்கு முன்னால் அந்த இரண்டு நிமிடத்தை நான் செலவிட்டிருக்க வேண்டும்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். மாமியாருக்கு மருந்து கொடுக்கும் நேரமாகிவிட்டது, கையும் நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாம்பிளைப் பார்த்து மொத்த லாட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். சாம்பிள் தனியாக வாங்கி வைத்த சரக்கு. சாம்பிளின் எடையை எண்ணிக்கையால் பெருக்கி, லாரி ரசீதின் எடையோடு ஒப்பிட்ட பிறகே மீதிப் பணம் அனுப்புங்கள். எடை தெரியாத படத்தை ஏற்காதீர்கள். கடைப் பெயர் ஒன்று, கணக்குப் பெயர் ஒன்று என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மூட்டையைப் பிரிக்கும்போது கட்டு அவிழ்ப்பதிலிருந்தே காணொலி எடுங்கள். நான் மூன்றாவது மூட்டையிலிருந்துதான் எடுத்தேன். ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே 1930. அவன் என்ன சமாதானம் சொன்னாலும், முதலில் 1930.

இதை இன்றே எழுதக் காரணம் இருக்கிறது. நேற்று இரவு துணி விற்பவர்கள் குழுவில் ஓர் அக்கா, திருப்பூரிலிருந்து வந்த சாம்பிள் என்று படம் போட்டிருந்தார். அதே கருநீலம், அதே கழுத்து ரிப், பத்து உருப்படி. எண் மட்டும் வேறு. உடனே அழைத்துப் பேசினேன். முன்பணம் 25,000 கேட்டிருக்கிறான். காலையில் அனுப்புவதாக இருந்தாராம். என் மூட்டைகளின் படத்தை அனுப்பிவைத்தேன். அவர் பணம் அனுப்பவில்லை. அவனுடைய புது எண்ணை 1930 புகாரோடு சேர்க்கச் சொல்லி இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.